ஷிஃப்ட்-ஜிஸ்ஸா, ஈயுசியா, யூடிஎஃப்-8ஆ? ஜப்பானியக் கோப்புகளோடு பட்ட பாடு

ஜப்பானிய மொழி கற்க ஆரம்பித்ததும், பதிப்புரிமை முடிந்த நூல்களை இலவசமாகத் தரும் ஆவோசோரா புன்கோ மின்னூலகத்திலிருந்து நிறையக் கோப்புகளை இறக்கிவைத்தேன். படிக்கவும் சொல் தேடவும் சின்னதாக ஒரு நிரலும் எழுதினேன். அங்கே உரைக் கோப்புகள் ஷிஃப்ட்-ஜிஸ் என்ற பழைய ஜப்பானியக் குறியாக்கத்தில், அதாவது எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் ஒரு முறையில், கிடைக்கின்றன. அப்படியே வைத்துக்கொள்வதா, மாற்றுவதா? நான் எல்லாவற்றையும் யூடிஎஃப்-8 ஆக்கிவிட்டேன்; உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் யூனிகோடின் குறியாக்கம் அது.

அளவை மட்டும் பார்த்தால் யூடிஎஃப்-8 தோற்றுவிடும். ஒரு காஞ்சி எழுத்துக்கு (ஜப்பானியத்தில் வழங்கும் சீன எழுத்து) ஷிஃப்ட்-ஜிஸ்ஸிலும், இன்னொரு பழைய ஜப்பானியக் குறியாக்கமான ஈயுசி-ஜேபியிலும் 2 பைட், இதில் 3. தமிழுக்கும் அதே கதைதான். வெறும் உரைக்கு இன்றைக்கு இதெல்லாம் ஒரு கணக்கா?

என்னை முடிவெடுக்க வைத்தது ஒரே ஒரு எண்: 92. ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்குமான ஆஸ்கி எண் வரிசையில் அது பின்சாய்கோடு (\). ஷிஃப்ட்-ஜிஸ்ஸில் ஓர் எழுத்தின் இரண்டாவது பைட் 64 முதல் 126 வரையிலும் வரலாம் என்பதால், இந்த 92ம் உள்ளே புகுந்துவிடுகிறது. கதகானா என்ற ஜப்பானிய ஒலியெழுத்து வரிசையில் ‘ஸோ’ என்பது 131, 92. ‘அட்டவணை’ என்று பொருள்படும் காஞ்சி 149, 92. திரையில் காட்டுவதைக் குறிக்கும் ‘ஹ்யோஜி’ என்ற சொல்லே இந்தக் காஞ்சியில்தான் தொடங்குகிறது: 149, 92, 142, 166. பின்சாய்கோட்டுக்குத் தனிப் பொருள் தரும் ஒரு நிரல் அந்த 92ஐ விழுங்கிவிட்டால், 149 போய் 142ஓடு ஒட்டிக்கொண்டு வேறு எழுத்தாகிவிடும். தனித்து நிற்கும் 166 அரை அகலக் கதகானா ஆகிவிடும். ஜப்பானிய நிரலாளர்கள் இப்படிப்பட்ட எழுத்துகளை ‘தமே மோஜி’, அதாவது உதவாத எழுத்துகள் என்பார்கள். பாவம், எழுத்தின் மேல் என்ன குற்றம்!

தேடலிலும் இதே தொல்லை. கதகானா ‘அ’ 131, 65. அந்த 65 ஆங்கிலப் பெரிய எழுத்து ‘ஏ’. பைட் பைட்டாகத் தேடினால் இல்லாத ‘ஏ’ எல்லாம் அகப்படும். என் நிரலில் ஒவ்வொரு இடத்திலும் இதற்கென்று ஒரு சோதனை சேர்த்துச் சேர்த்து அலுத்துப்போனேன்.

யூடிஎஃப்-8இல் 128க்குக் கீழே வரும் பைட் எப்போதும் ஆஸ்கிதான். கோப்பின் நடுவில் எங்கே குதித்தாலும், 128 முதல் 191 வரையுள்ள பைட்டாக இருந்தால் அது எழுத்தின் தொடர்ச்சி. பின்னால் நகர்ந்து தொடக்கத்தைப் பிடித்துவிடலாம். பராமரிப்பு என்று பார்த்தால் எனக்கு இது ஒன்றே போதும்.

ஈயுசி-ஜேபியிலும் காஞ்சியின் இரண்டு பைட்டும் 161 அல்லது அதற்கு மேல்தான், 92 தொல்லை கிடையாது. ஆனால் பழைய யூனிக்ஸ் கோப்புகள் சிலவற்றைத் திறந்ததோடு சரி, அதில் எனக்குப் பழக்கம் குறைவு. அதோடு, ஜிஸ் எக்ஸ் 0208 என்ற ஜப்பானியத் தர எழுத்துப் பட்டியலின் 6,355 காஞ்சிகளுக்கு வெளியே போனால் ஷிஃப்ட்-ஜிஸ், ஈயுசி இரண்டுமே திணறும். அதனால்தான் ஆவோசோரா கோப்புகளில் அரிய எழுத்து வரும் இடத்தில் அதன் வடிவத்தை விவரிக்கும் ஒரு குறிப்பு அடைப்புக்குள் நிற்கிறது. யூனிகோடுக்கு வந்ததும் அவற்றில் பெரும்பாலானவற்றை உண்மையான எழுத்தாகவே போட முடிந்தது.

யூடிஎஃப்-8இலும் குறை உண்டு. சீன, ஜப்பானியக் காஞ்சிகளுக்கு யூனிகோடு பல இடங்களில் ஒரே எண்தான் தந்திருக்கிறது. சீன எழுத்துருவில் திறந்தால் ‘எலும்பு’ காஞ்சிக்குள் இருக்கும் சின்னப் பெட்டி திசை மாறி நிற்கும். வலைப்பக்கத்தில் இது ஜப்பானிய மொழி என்று குறித்தால் சரியாகிவிடும். அப்புறம், ஜப்பானிய விண்டோஸில் எக்செலுக்குப் போகும் சிஎஸ்வி என்றால், தொடக்கத்தில் பிஓஎம் (இது யூனிகோடு என்று காட்டும் அடையாள பைட்டுகள்) வைக்க வேண்டும், அல்லது ஷிஃப்ட்-ஜிஸ்ஸாகவே கொடுத்துவிடலாம்.

மாற்றும்போது நான் சறுக்கியது அலைக்கோட்டில், அதாவது அலை போல வளைந்த கோட்டுக் குறியில். ஷிஃப்ட்-ஜிஸ்ஸில் 129, 96 ஆக இருக்கும் அந்தக் குறி, பைத்தான் நிரல்மொழியில் ‘ஷிஃப்ட்-ஜிஸ்’ என்று சொன்னால் ஒரு யூனிகோடு எண்ணாகவும், அதன் விண்டோஸ் வடிவமான ‘சிபி932’ என்று சொன்னால் வேறோர் எண்ணாகவும் மாறும். பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. பாதிக் கோப்புகளை ஒரு பெயரிலும் மீதியை இன்னொன்றிலும் மாற்றிவிட்டு, தேடல் ஏன் பாதியைத்தான் காட்டுகிறது என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். மூலக் கோப்புகளை அழிக்காமல் வைத்திருந்ததால் பிழைத்தேன். எல்லாவற்றையும் ‘சிபி932’ என்றே மறுபடி மாற்ற ஒரு மாலைப்பொழுது போதுமாக இருந்தது.