வீங்கிய காலை அழுத்தக் கொடுக்கும் முன்: ஓர் எச்சரிக்கை

வர்மம், தொக்கணம் (உடலைப் பிடித்துவிடும் சித்த மருத்துவ முறை) என்று பலகை மாட்டித் திருநெல்வேலி வண்ணார்பேட்டைப் பக்கம் நடத்தப்படும் ஒரு சிகிச்சை நிலையத்தில் என் பெரியம்மாவுக்கு நேர்ந்ததை, கைகால் வலிக்கு எண்ணெய்ச் சிகிச்சை தேடுகிறவர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து இரவு முழுவதும் பேருந்தில் உட்கார்ந்தே வந்த பெரியம்மாவுக்கு இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கி, தொட்டால் சூடாக இருந்தது. தெரிந்தவர்கள் சொல்லி அங்கே போனார். சர்க்கரை உண்டா, இரத்த அழுத்தம் உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு கேள்வி இல்லை. எதையும் எழுதிக்கொள்ளவும் இல்லை. “வெறும் ரத்தக்கட்டுதான் ஆச்சி, பயப்படாதிய, அழுத்தி விட்டா கலைஞ்சிரும்” என்று சொல்லி, முன்பணம் வாங்கிக்கொண்டு, காய்ச்சிய எண்ணெயை ஊற்றி, கணுக்காலிலிருந்து முழங்கால் வரை இரண்டு கட்டைவிரல்களாலும் ஏற்றி ஏற்றி அழுத்தியிருக்கிறார் அந்த வைத்தியர். வலி பொறுக்காமல் பெரியம்மா காலை இழுத்தபோதும் விடவில்லை. பெண்களுக்குப் பெண் உதவியாளர் உண்டு என்று பலகையில் இருந்தும், அறையில் ஒரு பெண்ணும் இல்லை.

மறுநாள் வீக்கம் தொடை வரை ஏறிவிட, ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். டாப்ளர் ஸ்கேனில் கெண்டைக்காலின் ஆழ்சிரையில் (தசைக்குள் ஆழமாக ஓடும் இரத்தக்குழாயில்) இரத்தம் உறைந்திருப்பது தெரிந்தது. இப்படிப்பட்ட காலை அழுத்தினால் உறைகட்டி பெயர்ந்து நுரையீரலின் இரத்தக்குழாயை அடைத்து உயிரையே பறிக்கக்கூடும் என்று மருத்துவர் சொன்னபோது எங்களுக்குக் கைகால் ஓடவில்லை. இப்போது இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டு வருகிறார். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடேறி, வலித்தால் முதலில் போக வேண்டியது மருத்துவமனைக்கு.

முன்பணத்தைத் திருப்பிக் கேட்டபோது ரசீதே தரவில்லையே என்றார்கள். பதிவு எண் கேட்டதற்கு, சட்டம் போட்டு மாட்டிய ஒரு குறுகியகாலப் பயிற்சிச் சான்றிதழைக் காட்டினார்கள். சித்த மருத்துவப் பட்டம் பெற்று முறையாகப் பதிவு செய்த மருத்துவர் தவறிழைத்தால், தமிழ்நாடு சித்த மருத்துவக் கழகத்தில் முறையிடலாம். பதிவேட்டிலிருந்து அவர் பெயரை நீக்கவும் வழியுண்டு. எந்தப் பதிவேட்டிலும் இல்லாதவரை எதிலிருந்து நீக்குவது? டொராண்டோவில் இருக்கும் அக்கா இதைக் கேட்டு ஆற்றாமையில் அழுதாள். அங்கே ஒன்டாரியோ மாகாணத்தில் மசாஜ் சிகிச்சையாளர்களுக்கென்றே சட்டப்படி அமைந்த ஒழுங்குமுறை அமைப்பு இருக்கிறது. நோயாளியின் சம்மதமின்றிச் சிகிச்சை செய்வதும் குறிப்பேடு பராமரிக்காததும் தொழில்முறை ஒழுங்கீனமாக விசாரிக்கப்படும். குற்றம் உறுதியானால் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பதிவேட்டில் அது இடம்பெறும்.

தொக்கணத்தை நான் குறை சொல்லவில்லை. சித்த மருத்துவத்தின் 32 புறமருத்துவ முறைகளில் அதுவும் ஒன்று. 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இயங்கும் பாளையங்கோட்டையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இப்படி நடந்தது என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க ஆவணங்களைத் திரட்டி வருகிறோம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்க வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. ரசீது கிடைக்காதவர்கள் ஜிபே பணப்பரிமாற்ற விவரம், வாட்ஸ்அப் உரையாடல், ஸ்கேன் அறிக்கை ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிடலாம்.