நிஜக் குழலா, கீபோர்டு குழலா?

கோத்தகிரி வீட்டில் சொந்தமாக ஒரு இசைத்துண்டு போட இரண்டு வழி: மைக் வைத்துப் புல்லாங்குழலைப் பதிவது, இல்லையென்றால் மிடி கீபோர்டில் (லேப்டாப்போடு இணைத்து வாசிப்பது) சாம்பிள் குழல், அதாவது முன்பே பதிந்து வைத்த குழல் ஒலி.

மைக்குக்கும் மலைக்கும் ஆகாது. தகரக் கூரையில் மழை விழுந்தால் கண்டென்சர் மைக் அதையும் சேர்த்துத்தான் பிடிக்கும். குளிரில் ஒலியின் வேகமே குறைகிறது (20 டிகிரியில் வினாடிக்கு 343 மீட்டர், 10 டிகிரியில் 337), குழலின் சுருதியும் கூடவே இறங்கும். கொஞ்ச நேரம் ஊதிச் சூடேற்றிய பிறகுதான் தம்புராவோடு சேரும்.

கீபோர்டில் இந்த வம்பே இல்லை. கரண்ட் போனாலும் லேப்டாப் பேட்டரியில் ஓடும். ஆனால் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது? சுருதியை ஏற்றி இறக்கும் பிட்ச் வீலைத் திருகித் தோடி ராகத்தின் காந்தாரத்தை (‘க’ ஸ்வரம்) அசைத்துப் பாருங்கள், எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்!

என் ஓட்டு: தாளமும் பேஸும் கீபோர்டில், மெட்டு மட்டும் நிஜக் குழலில். சாம்பிள் குழல் டெமோவுக்குப் போதும்.