பனானாவை அணை: பேசும் பெட்டியோடு நாலரை வருடம்

எங்கள் வீட்டுக் கூடத்து விளக்குக்குப் பெயர் பனானா. ஏன் என்று கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

வலங்கைமான் பக்கம், குடமுருட்டிக் கரையை ஒட்டிய ஊர். வீட்டு வயரிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். 2016-ல் ஒரு மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு லைன் இழுக்கும்போது கால் தவறி விழுந்தேன். கழுத்தில் தண்டுவடம் அடிபட்டது, டாக்டர் கணக்கில் சி-6. தோளை அசைப்பேன், முழங்கையை மடக்குவேன், மணிக்கட்டைத் தூக்குவேன். விரல்கள் வேலை செய்யாது, நெஞ்சுக்குக் கீழே உணர்வே கிடையாது. அப்போது மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு ஒன்று. 2020 தீபாவளிக்கு மச்சான், வாயால் சொன்னதைக் கேட்டு நடக்கும் ஒரு ஸ்மார்ட் ஸ்பீக்கரோடு வந்து இறங்கினான். விலை மூவாயிரத்துச் சொச்சம். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. இனி சொல்லப்போகும் குறைகளுக்கு நான் அவர்களோடு மல்லுக்கட்ட முடியாது.

பெட்டி வருவதற்கு முன் எப்படி இருந்தது என்பதற்கு ஒரே ஒரு கணக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா எத்தனை தடவை கூப்பிடுகிறார் பார்ப்போம் என்று மகள் விளையாட்டாகச் சிலேட்டில் கோடு போட ஆரம்பித்தாள். மதியச் சாப்பாட்டுக்குள் 41 கோடு. ஃபேனைக் குறை, ஃபேனைக் கூட்டு, டிவி சத்தத்தைக் குறை, யார் போன் என்று பார், லைட்டைப் போடு. அந்தச் சிலேட்டை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 41 தடவை பிள்ளையைக் கூப்பிட்டிருக்கிறேன், ஒரு தடவைகூட ‘பள்ளிக்கூடத்துல என்னம்மா நடந்தது’ என்று கேட்கவில்லை. வேலை ஏவி முடிப்பதற்குள்ளேயே எனக்கும் அலுத்துவிடும், அவளுக்கும் அலுத்துவிடும்.

ஃபேன் விஷயத்தைச் சின்னது என்று நினைக்க வேண்டாம். கழுத்துக் கட்டத்தில் தண்டுவடம் அடிபட்டவனுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே ஒழுங்காக வியர்க்காது. உடம்புச் சூடு இறங்க வழியில்லை. அக்னி நட்சத்திரத்தில் பகல் 12 மணிக்கு ஃபேன் நின்றால் அரை மணியில் முகம் சிவந்து தலை சுற்றும். மனைவி அங்கன்வாடி வேலைக்குப் போயிருப்பாள், அம்மா கொல்லையில் இருப்பாள். ஆகவே முதலில் ஃபேனும் ஏசியும்தான் குரலுக்குக் கட்டுப்பட்டன. ஏசிக்கு ரிமோட் போலவே சிக்னல் அனுப்பும் சின்னக் கருவி ஒன்றைச் சுவரில் ஒட்டினோம். இந்த ஒன்றுக்கே கொடுத்த காசு செரித்துவிட்டது என்பேன்.

சரி, பனானா கதை. எங்கள் வீட்டுப் பெட்டிக்குத் தமிழ்ப் பாட்டு போடத் தெரியும், தமிழில் சொன்னால் விளக்குப் போடத் தெரியாது. ஆங்கிலத்தில்தான் ஏவ வேண்டும். பழைய தமிழ்ப் பாட்டுக்குப் பெயர் சொன்னால், ஒரே வரியில் தொடங்கும் வேறு எதையோ எடுத்துக்கொண்டு வரும், அது போகட்டும். கூடத்து விளக்குக்கு முதலில் ‘ஹால் லைட்’ என்று பெயர் வைத்தோம். என் வாயிலிருந்து வரும் ‘ஹால்’ அதன் காதில் ‘ஆல்’ என்று விழுந்தது போலிருக்கிறது. ‘ஹால் லைட் ஆஃப்’ என்றேன், வீடு மொத்தமும் இருண்டுவிட்டது. சமையல்கட்டில் மனைவி அரிவாள்மனையில் வாழைப்பூ நறுக்கிக்கொண்டிருந்தாள். நல்லவேளை, விரலுக்கு ஒன்றுமில்லை. என் பரம்பரைக்குத்தான் கொஞ்சம் கிடைத்தது. கூடம் என்று வைத்துப் பார்த்தோம், புரியவில்லை. முத்து என்று வைத்தோம், அதுவும் இல்லை. கடைசியில் ஐந்து வயது மகன் ‘பனானா வைங்கப்பா’ என்றான். அன்றிலிருந்து இன்றுவரை ஒருநாளும் தப்பியதில்லை. புதிதாக வாங்குகிறவர்களுக்குச் சொல்வது இதுதான்: ஒன்றுக்கொன்று ஒலியில் ஒட்டாத பெயராக வையுங்கள். அர்த்தம் கிடக்கட்டும்.

அம்மா மட்டும் இன்றுவரை அதோடு பேசுவதில்லை. நான் பிழைத்ததற்கு வலங்கைமான் மாரியம்மனுக்குப் பாடைக் காவடி வேண்டிக்கொண்டவள் அவள். ஒரு பங்குனியில் என்னைப் பாடையில் படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு கோயிலைச் சுற்றி வந்தார்கள். சுற்றி நின்றவர்கள் எல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், தினமும் இதே மாதிரிதானே படுத்திருக்கிறோம் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பெட்டி வந்த புதிதில் அம்மா ஒரே ஒரு முறை ‘ஏம்மா, அந்த லைட்டக் கொஞ்சம் போடும்மா’ என்று பதவிசாகக் கேட்டாள். பதில் இல்லை. ‘மரியாதையாக் கேட்டா செய்யாது போல’ என்று அதோடு விட்டுவிட்டாள். அவளுக்கு இப்போது போனில்தான். கூகுள் அசிஸ்டண்டுக்குத் தமிழ் தெரியும், பெரியம்மாவுக்குப் போன் போடு என்றால் போடுகிறது.

ஆனால் தகப்பன் என்ற முறையில் எனக்குப் பெரிய விஷயம் விளக்கும் விசிறியும் இல்லை. குரல்தான்.

விலா எலும்புத் தசைகள் வேலை செய்யாததால் எனக்குக் கத்த வராது. படுத்திருந்தால் மூச்சு கொஞ்சம் தாராளமாக இருக்கும். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் குரல் தேய்ந்துவிடும். மகனுக்கு மூன்று வயது இருக்கும்போது, மேட்டூர் திறந்து வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடிய நேரம். ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், பயல் தனியாகப் படித்துறையைப் பார்த்து நடக்கிறான். கூப்பிட்டேன். என் குரல் ஜன்னலைத் தாண்டவில்லை. அம்மா தற்செயலாகத் துணி உலர்த்த வந்து அவனைத் தூக்கிக்கொண்டாள். அந்த அரை நிமிஷம் இன்னும் எனக்குக் கனவில் வரும்.

பெட்டி வந்து நாலு மாதத்தில் இரண்டாவது ஒன்று வாங்கிக் கொல்லைத் தாழ்வாரத்தில் மாட்டினோம். அறிவிப்புச் செய் என்று சொல்லிவிட்டு நான் மெல்லப் பேசினால், அதே பேச்சு என் குரலிலேயே தாழ்வாரத்தில் பெரிதாகக் கேட்கும். முதல்நாள் நான் சொன்னது, ‘டேய், கிணத்தடியிலேர்ந்து உள்ள வா.’ கோலிக்குண்டைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். அப்பா எங்கே நிற்கிறார் என்று தாழ்வாரம் முழுக்கத் தேடியிருக்கிறான், நான் நின்று அவன் பார்த்ததே கிடையாது. அம்மா, ‘என்னடா தம்பி, நாடகக்காரன் மாதிரி பேசுற’ என்றாள். அதட்டுவதற்கு ஒரு குரல் கிடைத்தது பெரிய காரியம். அதட்ட முடிந்த பிறகு அதிகம் அதட்டவேண்டி வரவில்லை என்பது வேறு விஷயம்.

சிலேட்டுக் கணக்கு எங்கேயோ போய்விட்டது. மகள் இப்போது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் அதற்குப் பின்னால் ஒரு வேலை இருக்காது. எட்டாம் வகுப்பில் மின்சாரப் பாடம் வந்தபோது சீரீஸ், பேரலல் இணைப்புகள் இரண்டையும் நான் வாயால் சொல்லச் சொல்ல அவள் வயர் துண்டை வைத்துச் செய்து பார்த்தாள். மகன்தான் முறைத்துக்கொண்டான். பெட்டி வந்து மூன்றாவது வாரம், ‘நீங்க என்னக் கூப்பிடறதே இல்லப்பா’ என்றான். குச்சியால் ஃபேன் ஸ்விட்சைத் தட்டுவது அவன் வேலை, அதைப் பெட்டி பிடுங்கிக்கொண்டது. வாசல் விளக்கை மட்டும் பெட்டியில் சேர்க்காமல் அவனுக்கே விட்டேன்.

வயரிங் பார்த்தவன் என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் ஸ்விட்ச் போர்டுக்கு ஃபேஸ், அதாவது கரண்ட் வரும் வயர் மட்டும்தான் வரும், கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் வயர் நேரே விளக்குக்குப் போய்விடும். போர்டுக்குள் வைக்கும் ஸ்மார்ட் மாடியூல்களில் பெரும்பாலானவற்றுக்கு நியூட்ரல் வேண்டும். வாங்குவதற்கு முன் போர்டைக் கழற்றிப் பாருங்கள். நான் கட்டிலில் இருந்து சொல்ல, மச்சான் இழுத்தான். இரண்டு நாள் வேலை, நிறைய ஏச்சு. அடுத்தது தண்ணீர் மோட்டார். 1 எச்.பி. மோட்டாரை ஸ்மார்ட் பிளக்கில் நேராகச் செருகாதீர்கள். கிளம்பும் நொடியில் அது ஓடும்போது இழுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு கரண்டை இழுக்கும். பிளக்குக்கு உள்ளே இருக்கும் ரிலே என்ற சின்ன ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டால் ஆஃப் சொன்னாலும் ஆஃப் ஆகாது, தொட்டி வழிந்து கொல்லை குளமாகும். நடுவில் கான்டாக்டர் என்ற பெரிய காந்த ஸ்விட்சைப் போடுங்கள். பிளக் அதன் காயிலை மட்டும் ஓட்டட்டும், கான்டாக்டர் மோட்டாரை ஓட்டட்டும். இந்தச் சாமான்கள் பெரும்பாலும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையில்தான் சேரும், ரவுட்டரில் அதை அணைத்து வைத்திருந்தால் முட்டிக்கொள்ள வேண்டியதுதான். வாசல் கதவுப் பூட்டை மட்டும் குரலுக்குக் கொடுக்கவில்லை. எதிர்வீட்டுப் பையன் ஜன்னலில் நின்று கத்தி, கிரிக்கெட் நடுவில் எங்கள் டிவியை அணைத்தவன்.

ஆடி மாதம் பெட்டிக்கு விடுமுறை. மாரியம்மன் கோயில் கூம்பு ஸ்பீக்கர் எங்கள் கூரைக்கு நேரே திரும்பியிருக்கும், நான் சொல்வது அதன் காதில் ஏறாது. ஐப்பசி, கார்த்திகையில் கொல்லைத் தகரத்தில் மழை அடிக்கும்போதும் அப்படியே. கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ரவுட்டர் ஓடும், ஆனால் கேபிள்காரர் பக்கத்தில் கரண்ட் இல்லையென்றால் நெட் இல்லை. நெட் இல்லையென்றால் பக்கத்தில் இருக்கும் விளக்கைக்கூட அதனால் போட முடியாது, நாம் சொல்வதைப் புரிந்துகொள்ளும் மூளை எங்கோ ஒரு சர்வரில் இருக்கிறது. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது எங்களுக்கே ஒரு வாரத்துக்கு மேல் இருட்டு. அப்படி ஒன்று இன்னொரு தடவை வந்தால் இது வெறும் டப்பா.

கடைசியாக, சொல்லவேண்டாம் என்று நினைத்து வைத்திருந்த ஒன்று. போன வருடம் தை மாதம். இரவு இரண்டு மணி வாக்கில் தலை இடித்தது. முகத்தில் மட்டும் வியர்வை. எங்கள் மாதிரி ஆட்களுக்கு இதற்கு ஒரு பெயர் உண்டு, ஆட்டோனமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா. சிறுநீர்ப்பை நிறைந்து போக வழியில்லாமல் இருந்தாலே போதும், ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறும். உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, சிறுநீர் போகும் டியூப் எங்கே மடங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். எனக்கு இது தெரியும். வேலூரில், தானும் விபத்தில் கால்கள் செயலிழந்து சக்கர நாற்காலியிலிருந்தே மருத்துவம் பார்த்த மேரி வர்கீஸ் முன்நின்று 1966-ல் தொடங்கிய மறுவாழ்வு மையத்தில் மூன்று மாதம் இருந்தவன். மணிக்கட்டைத் தூக்கினால் விரல் தானே மடங்கும், அந்தப் பிடியில் ஸ்பூன் பிடிக்கக் கற்றதும் அங்கேதான். முடிந்ததை நீங்களே செய்யுங்கள், முடியாததைக் கூச்சமில்லாமல் கேளுங்கள் என்று அங்கே தினமும் சொல்வார்கள்.

நான் கேட்கவில்லை. மனைவி அன்று தேர்தல் பட்டியல் வேலை என்று அலைந்து களைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். விடிந்துவிடும் என்று நினைத்து, ஃபேனைக் கூட்டச் சொன்னேன், ஏசியைப் போடச் சொன்னேன், மணி என்ன என்று கேட்டேன். ஒரு மணி நேரம் கழித்துக் கண் மங்கத் தொடங்கிய பிறகுதான் முழங்கையால் பழைய காலிங் பெல்லை அழுத்தினேன். அவள் எழுந்து தூக்கி உட்காரவைத்தாள். தொடைக்கு அடியில் டியூப் மடங்கிக் கிடந்தது. நேராக்கிய சில நிமிஷத்தில் தலைவலி இறங்கியது.

விஷயம் அதோடு முடியவில்லை. இரண்டு நாள் கழித்து ஏதோ செட்டிங் மாற்ற ஆப்பைத் திறந்தவள், நாம் பேசியதெல்லாம் அதில் பதிவாகி இருப்பதைக் கண்டுபிடித்தாள். அந்த இரவில் 1:58-லிருந்து 3:04 வரை எட்டு முறை மணி கேட்டிருக்கிறேன். ஒவ்வொன்றையும் தட்டித் தட்டிக் கேட்டாள். எட்டாவதில் என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. ‘அதுகிட்ட எட்டுவாட்டி கேட்டீங்களே, என்னை ஒருவாட்டி கூப்பிட்டா என்னாங்க?’ என்றாள். மூன்று நாள் சரியாகப் பேசவில்லை.

பிள்ளைகளை ஏவாமல் இருக்கப் பழகியவன், யாரையுமே கூப்பிடாமல் இருக்கப் பழகிவிட்டேன் போலிருக்கிறது. இப்போது உள்ளறையிலும் ஒரு ஸ்பீக்கர் இருக்கிறது. ஒரு வார்த்தை சொன்னால் அதில் மணி அடிக்கும், அவள் படுக்கைப் பக்கத்து விளக்கு எரியும், கொல்லைத் தாழ்வாரத்திலும் ஒலிக்கும். அந்த வார்த்தை எது என்று இங்கே எழுதமாட்டேன். எங்கள் பெட்டியிலிருந்து நேரே 108-ஐக் கூப்பிட முடியாது, போனிலிருந்துதான் முடியும். ஆகவே போனும் கைக்கு எட்டும் ஸ்டாண்டில். பழைய பெல் அதே இடத்தில், முழங்கைக்கு அடியில், பேட்டரியோடு. நீங்கள் எத்தனை பெட்டி வாங்கினாலும் பெல்லைக் கழற்றாதீர்கள். பதிவுகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தானே அழியும்படி வைக்கலாம், அந்த வசதி ஆப்பில் உண்டு. அவள்தான் வைக்கவிடவில்லை. வாரம் ஒருநாள் எடுத்துப் பார்க்கிறாள்.

மகனுக்கு இப்போது பத்து வயது. நண்பர்கள் வந்தால் பனானா என்று கூப்பிட வெட்கமாக இருக்கிறதாம், பெயரை மாற்றச் சொல்கிறான். என்ன பெயர் என்று கேட்டால் தினம் ஒன்று சொல்கிறான். நேற்று சொன்னது தோசா.