கோயம்பேடு மெஸ்ஸுல மீன் குழம்பும் ஒரு லாக்டவுன் சண்டையும்

மார்க்கெட் பக்கத்துல இருக்க சின்ன மெஸ்தான், பேர் போர்டு கூட சரியா தெரியாது. மீன் குழம்பு செம, புளிப்பும் காரமும் சரியா நிக்குது, ஆனா கூட்டு சுமார், ரசம் ஆறிப்போய் இருந்துச்சு. நான் போனப்போ ஓனர் அண்ணனுக்கும் லோடு மேன் ஒருத்தருக்கும் பழைய லாக்டவுன் பத்தி ஒரே வாக்குவாதம். 2020 மே 5 மார்க்கெட்ட மூடி காய்கறி மொத்த வியாபாரத்த சென்னைக்கு வெளிய இருக்க திருமழிசைக்கு மாத்துனாங்கல்ல, செப்டம்பர் கடைசி வரைக்கும் இங்க ஈ காக்கா இல்ல, வாடகை மட்டும் ஓடிச்சுன்னு அண்ணன் புலம்புறாரு. "இஎம்ஐ தள்ளி வச்சாங்க, வட்டிய தள்ளுபடி பண்ணாங்களாப்பா?" கேள்வி நியாயம்தான். லோடு மேன் விடல, இங்கருந்துதானண்ணே கொரோனா பல மாவட்டத்துக்கு பரவுச்சு, மூடாம என்ன பண்றதுங்குறாரு. அந்த ஏப்ரல்-ஜூன்ல நாட்டோட ஜிடிபியே கிட்டத்தட்ட 24% விழுந்துச்சு, ஆனா மெஸ்காரருக்கும் மூட்டை தூக்குறவருக்கும் நட்டஈடுன்னு யாரு கணக்கு பாத்தா? என்ன கேட்டா மூடுனது சரி, கைவிட்டதுதான் தப்பு. மதியம் 1 மணிக்கு முன்னாடி போங்க, அப்புறம் மீன் காலி.