அடையாறு புற்றுநோய் மருத்துவமனை: அக்காவுடன் போய்வந்த அனுபவம்

அக்காவுக்கு மார்பில் கட்டி என்றதும், பக்கத்து நகரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் எழுதிக்கொடுத்த உத்தேசச் செலவைப் பார்த்து அத்தான் நிலத்தை விற்கக் கிளம்பிவிட்டார். அடையாறு போய்க் காட்டிவிட்டு அப்புறம் விற்கலாம் என்று நான்தான் பிடித்து நிறுத்தினேன். நிலம் இன்றும் எங்களிடம்தான் இருக்கிறது.

அங்கே முதலில் மருத்துவர் பார்த்தார். பணப்பேச்சு பிறகுதான் வந்தது. வீட்டில் எத்தனை பேர், யார் யார் சம்பாதிக்கிறார்கள், கடன் உண்டா என்று ஓர் அம்மையார் நிதானமாகக் கேட்டு எழுதிக்கொண்டார். அக்கா கூசிப்போய்ப் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். "சும்மா சொல்லுங்கள் அம்மா, குறைக்கத்தானே கேட்கிறேன்" என்றார் அவர். எங்களால் கட்ட முடிகிற தொகைக்குக் கட்டணம் இறங்கியது. கவனிப்பில் ஒரு குறையும் இல்லை.

1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 12 படுக்கைகளோடு தொடங்கிய இடம் இது. அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் இதை வளர்த்தெடுத்தார்கள். 2010இல் கிருஷ்ணமூர்த்தி மறைந்தபோது சாந்தாவுக்கு எண்பது வயது தாண்டியிருந்தது. அவர் ஓயவில்லை. காசில்லாதவருக்கும் தரமான சிகிச்சை என்று இருவருமாகப் போராடிவந்ததை, மருந்துகளின் விலையேற்றத்துக்கு எதிராகவும் சேர்த்துப் பேசி, 2021 ஜனவரியில் தாம் மறையும்வரை விடாமல் கொண்டுபோனார். சர்தார் படேல் சாலை வளாகத்துக்குக் கிருஷ்ணமூர்த்தியின் பெயர்தான். என்னைக் கேட்டால், வருமானம் விசாரிக்கும் அந்த மேசையைத்தான் அவருடைய நினைவுச் சின்னம் என்பேன். இருவரும் போன பிறகும் அது வேலை செய்வதை என் கண்ணால் பார்த்தேன்.

அத்தானையும் அவர்கள் சும்மா விடவில்லை. பீடி நாற்றம் காட்டிக்கொடுத்துவிட்டது. புகையிலைப் பழக்கத்தை நிறுத்த ஆலோசனை தரும் பிரிவுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். பாதிக்குப் பாதி குறைத்திருக்கிறார். மீதியை அக்கா பார்த்துக்கொள்வாள்.

புதிதாகப் போகிறவர்களுக்கு: காந்தி நகரில் பழைய வளாகம், சர்தார் படேல் சாலையில் இன்னொன்று என இரண்டு உண்டு, எதற்கு வரச் சொன்னார்கள் என்று கேட்டுக்கொண்டு ஆட்டோ ஏறுங்கள். பழைய ஸ்கேன், பயாப்ஸி முடிவுகளை ஒன்றுவிடாமல் எடுத்துச் செல்லுங்கள். ரயில் சலுகைப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள்: ஸ்லீப்பர் வகுப்பில் நோயாளிக்குக் கட்டணமே இல்லை, துணைக்குப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம் குறையும். கோவில்பட்டியிலிருந்து மாதாமாதம் போய்வரும் எங்களுக்கு அது பெரிய உதவி.