சென்னைக்குக் கூறை எடுக்கப் போகிறவர்கள் கவனம்: ட்ரைவர் கூட்டிப்போகும் பட்டுக் கடை

தைக் கல்யாணங்களுக்கு இப்போதே சென்னைக்கு டிக்கெட் பார்க்கிறவர்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நிறையப் பேர் இருப்பீர்கள், உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் தம்பியின் கல்யாணக் கூறை என்று 38,000 இந்திய ரூபாய், நம் காசில் ஒரு லட்சத்துக்கும் மேல், வாங்கிக்கொண்டு பாதிப் பொலியெஸ்டரைக் கட்டித் தந்துவிட்டார்கள். சுத்தக் காஞ்சிபுரம் பட்டு என்று வாயால் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். தாளில் ஓரிடத்திலும் எழுதவில்லை.

அம்மா, சித்தி, நான் போயிருந்தோம். நுங்கம்பாக்கத்தில் தங்கிய இடத்திலேயே கார் பிடித்துத் தந்தார்கள், 8 மணித்தியாலம் 80 கிலோமீட்டர் என்று அங்கே வழக்கமாக இருக்கும் வாடகை. ட்ரைவர் நல்ல மரியாதையாகப் பேசினார். கொழும்பு என்றதும் யாருக்குக் கல்யாணம், கூறை எடுத்தாயிற்றா, எவ்வளவுக்குள் பார்க்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தார். அம்மாவும் வீட்டு ஆளிடம் சொல்வதைப் போல எல்லாவற்றையும் சொன்னார். பிறகு கடையில் விரித்த முதல் சேலையே அம்மா காரில் சொன்ன தொகைக்குக் கொஞ்சம் மேலே இருந்தது, அதற்குக் கீழே ஒன்றுகூட இறங்கவில்லை.

காலையில் எழும்பூர் மியூசியத்துக்குப் போவதுதான் திட்டம். சித்தி சரித்திரம் படிப்பித்தவர், அங்கே இருக்கும் சோழர் காலத்து வெண்கல நடராசரைப் பார்க்கவேண்டும் என்று இங்கிருந்து புறப்படும்போதே சொல்லிக்கொண்டிருந்தார். "மியூசியம் இன்னைக்கு லீவுக்கா" என்றார் ட்ரைவர். அன்று செவ்வாய்க்கிழமை. அந்த மியூசியத்துக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. இதை அறைக்குத் திரும்பிய பிறகுதான் தெரிந்துகொண்டோம். மெரினாவில் கொஞ்சம், சாந்தோமில் கொஞ்சம் என்று சுற்றிவிட்டு, மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலுக்கு நடை சாத்துகிற நேரத்தில் கொண்டுபோய் விட்டார். மத்தியானம் சாத்தினால் பின்னேரம் 4 மணி வாக்கில்தான் திறப்பார்கள், அது உண்மைதான். அதுவரைக்கும் வெயிலில் நிற்கவேண்டாமே, பக்கத்தில் ஒரு கடை இருக்கிறது, சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றார். இல்லாத லீவு ஒன்று, இருக்கிற நேரம் ஒன்று, இரண்டையும் சேர்த்து எங்கள் பகலைக் கடைக்கு ஒதுக்கியாயிற்று.

பக்கத்தில் என்றது தி.நகர். பனகல் பார்க்கில் பெரிய கடைகளைத் தாண்டி ஒரு சந்துக்குள் மாடி வீடு. "பெரிய கடைல ஏசிக்கும் லிஃப்டுக்கும் சேர்த்து நம்ம கிட்டதான் வாங்குறாங்க, இது நெசவாளிங்க நேரா போடுற எடம்" என்றார். வாசலில் ஒரு தறியும் வைத்திருந்தார்கள். பாவு ஏற்றியிருந்தது, ஆனால் கால் மிதிக்கும் பலகையில் தூசி படிந்து கிடந்தது. நாங்கள் உள்ளே போகும்போது வாசலில் இருந்த பையன் ஒரு கொப்பியில் காரின் நம்பரை எழுதினான். கடை வாசலில் உங்கள் வாகனத்தின் நம்பரை யாராவது எழுதினால் அந்த இடத்திலேயே திரும்பிவிடுங்கள், தயவுசெய்து. நீங்கள் கொடுக்கும் காசில் கூட்டிவந்தவருக்கு ஒரு பங்கு, அதைச் சேர்த்துத்தான் விலை சொல்கிறார்கள் என்று அர்த்தம்.

இனி எல்லோரும் கவனமாகப் படிக்கவேண்டிய இடம். சித்தி விவரமானவர், நூலை எரித்துக் காட்டச் சொன்னார். கடைக்காரர் முகம் சுளிக்காமல் முந்தானைக் குஞ்சத்தில் ஒரு நூலை உருவி லைட்டரில் பிடித்தார். முடி கருகுகிற மணம், கைக்குள் தூளாகிற சாம்பல், அசல் பட்டுக்கு எப்படி இருக்குமோ அப்படியே. அம்மாவுக்கு முழுத் திருப்தி, காசை எண்ணிக் கொடுத்தோம்.

இங்கே வந்து, பிளவுஸ் தைக்கவென்று பொம்பிளை வீட்டில் கூறையைக் கொடுத்தோம். கொஞ்ச நாளில் இரவு அந்தப் பிள்ளை எனக்குத் தனியாகப் போன் எடுத்தாள். "மச்சாள், கோவிக்காதீங்கோ, மாமிக்கு இப்ப சொல்லாதீங்கோ" என்று தொடங்கினாள். பம்பலப்பிட்டியில் தைக்கிற அக்கா பிளவுஸ் துண்டை வெட்டியதும் விளிம்பில் பிரிந்த நூலைப் பார்த்துச் சந்தேகப்பட்டிருக்கிறார். மறுநாள் நான் போனபோது என் கண்முன்னாலேயே செய்து காட்டினார். நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒன்று, குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒன்று, இரண்டையும் தனித்தனியே எரித்தார். பாவு கடையில் பார்த்த மாதிரியே எரிந்து தூளானது. ஊடை சுருண்டு உருகி, பிளாஸ்டிக் நாற்றத்தோடு நுனியில் கடுகளவு கறுத்த உருண்டையாக நின்றது, ஆறியபின் நகத்தால் அழுத்தினாலும் உடையவில்லை. குஞ்சத்தில் தொங்குவது முழுக்கப் பாவு நூல். பாவைப் பட்டில் போட்டு ஊடையைப் பொலியெஸ்டரில் நெய்தால் குஞ்சத்தை எத்தனை தரம் எரித்தாலும் பட்டு என்றுதான் காட்டும்! அந்தக் கடைக்காரருக்கு இது தெரியாமல் இருக்காது. ஆகவே எரித்துக் காட்டுகிறோம் என்றால் பிளவுஸ் பக்கத்து வெட்டு விளிம்பில் குறுக்கே ஓடும் நூலை நீங்களே இழுத்துக் கொடுங்கள்.

போனில் கடையைப் பிடித்தோம். கட்டிப் பழசாக்கிவிட்டு மாற்றக் கேட்கிறீர்கள் என்றார்கள். வெட்டிய துண்டின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினோம், அத்தோடு பதில் நின்றுவிட்டது. அவர்கள் தந்த தாளை எடுத்துப் பார்த்தால் மேலே 'எஸ்டிமேட்', நடுவில் 'சேலை 1', கீழே 'விற்ற சரக்கு திருப்பி எடுக்கப்படமாட்டாது'. கடையின் வரிப் பதிவு எண்ணான ஜிஎஸ்டி எண் இல்லை. முறையான பில் என்றால் எழுத்தும் இலக்கமும் கலந்து 15 இடங்கள் கொண்ட அந்த எண் இருக்கவேண்டும், தமிழ்நாட்டுக் கடைகளுக்கு அது 33 என்று தொடங்கும். காசு கொடுக்கமுதல் அந்தப் பில்லைக் கேளுங்கள், 'சுத்தப் பட்டு' என்பதையும் அதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதமாட்டோம் என்றால் எழும்பி வந்துவிடுங்கள். இந்தியாவின் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததும், பழுதான பொருளைத் திருப்பி எடுக்க மறுப்பதும் முறையற்ற வணிகம்தான், பில்லில் வேறு காலம் போடாவிட்டால் 30 நாள் கணக்கு. 1915 என்ற உதவி எண்ணுக்கு அங்கே நிற்கும்போதே அழைத்துவிடுங்கள்.

சேலையில் சில்க் மார்க் அட்டை தொங்குகிறதா என்றும் பாருங்கள். இந்திய மத்திய பட்டு வாரியத்தின் கீழ் வருவது, ஹோலோகிராமும் எண்ணும் இருக்கும். எங்களுடையதில் 'ப்யூர் சில்க்' என்று அச்சடித்த வெறும் அட்டைதான். சில்க் மார்க் இருந்தாலும் அது பட்டுக்கு மட்டும்தான், ஜரிகை வெள்ளியா இல்லையா என்பதற்கு அது பொறுப்பில்லை, அதைத் தனியாகக் கேட்டு எழுதி வாங்கவேண்டும். தங்க நகையும் எடுப்பவர்கள் 2023 ஏப்ரல் முதல் கட்டாயமான, எழுத்தும் இலக்கமும் கலந்த 6 இட ஹால்மார்க் எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டுப் பார்த்துவிட்டு எடுங்கள்.

அரசு கூட்டுறவுக் கடையான கோ-ஆப்டெக்ஸ் எழும்பூர் பாந்தியன் சாலையில் இருக்கிறது, 1935-இல் தொடங்கியது. மியூசியமும் அதே சாலைதான். அன்று ட்ரைவர் சொன்னபடி நாங்கள் கேட்டதில் இரண்டுமே தவறிப்போயின. தி.நகருக்கென்றால் நுங்கம்பாக்கத்தில் லோக்கல் ரயில் ஏறி மாம்பலத்தில் இறங்குங்கள், ரங்கநாதன் தெரு ஸ்டேஷனை ஒட்டியே இருக்கிறது, 2023-இல் திறந்த நடைமேம்பாலமும் உண்டு. தங்கும் இடத்தில் பிடித்துத் தரும் காரில் கோயில் பாருங்கள், கடற்கரை பாருங்கள், ஏறும்போதே கிலோமீட்டர் காட்டும் மீட்டரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குக் காரை நிறுத்தும் ஷெட்டிலிருந்து கிலோமீட்டர் கணக்குப் போட்டு, ட்ரைவர் பேட்டாவும் தனியே வாங்கினார்கள், முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைக்கு மட்டும் அந்தக் காரில் போகாதீர்கள்.

கூறை மாப்பிள்ளை வீட்டார் கொடுப்பது. அந்தப் பிள்ளை பெருந்தன்மையாக நடந்துகொண்டதால் விஷயம் எங்களுக்குள் நின்றது, வேறு வீடென்றால் பொலியெஸ்டரைக் கூறை என்று தந்தார்கள் என்ற பேச்சு காலத்துக்கும் இருந்திருக்கும். அம்மா சீட்டுப் போட்டுச் சேர்த்த காசில் காலி வீதியில் இன்னொரு கூறை எடுத்தோம். அவர் முகத்தைப் பார்த்தபிறகுதான் எழுதியே ஆகவேண்டும் என்று உட்கார்ந்தேன். எந்தச் சந்து என்று தெரியவேண்டியவர்கள் நேரில் கேளுங்கள், சொல்கிறேன். எஸ்டிமேட் தாளை மட்டும் வைத்துக்கொண்டு யாராவது காசைத் திரும்ப எடுத்திருந்தால் எப்படி என்று சொல்லுங்கள், தாளும் வெட்டிய துண்டும் என்னிடம்தான் இருக்கின்றன.