கண்மாய்க் கரைக்கு எந்த நாற்காலி?

சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் பக்கத்து வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்கள் 1977 முதல் பறவைகள் சரணாலயம். தீபாவளிக்குக்கூட வெடி போடாத ஊர்க்காரர்களின் காவலில் நாரைகள் கூடு கட்டுகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிறைந்தால்தான் பறவை வரும். அதே மழையில் கரையின் செம்மண்ணும் இளகிவிடும். சக்கர நாற்காலியில் வருபவருக்கு அங்கேதான் சிக்கல்.

ஆஸ்பத்திரிகளில் பார்க்கும் மடக்கு நாற்காலி மலிவு, கார் டிக்கியில் அடங்கும். ஆனால் சின்ன முன்சக்கரம் சரளையில் புதையும்; ஒரு கல் தட்டினால் சட்டென நின்று ஆளை முன்னால் தள்ளிவிடும். இடுப்புப் பட்டை கட்டாமல் கரையில் இறக்கவே கூடாது. இதுதான் கையில் இருக்கிறதென்றால், பின்னால் சாய்த்துப் பெரிய சக்கரங்களில் மட்டும் நிறுத்தி, பின்னோக்கி இழுங்கள். முன்னால் தாங்குபவர் சட்டத்தைப் பிடிக்க வேண்டும். கால்தாங்கியைப் பிடித்தால் கழன்று கையோடு வந்துவிடும்.

கால்தாங்கியில் கவ்வும் ஒற்றை முன்சக்கரம் இதைவிட எவ்வளவோ மேல். சின்னச் சக்கரங்கள் தரையைத் தொடாமல் தூக்கி நிற்பதால் கல்லிலும் ஈரமண்ணிலும் உருண்டு போகும். ஆடாத, உறுதியான கால்தாங்கி தேவை. நாற்காலி நீளமாகிவிடுவதால் குறுகிய கரையில் திரும்ப இடம் இருக்கிறதா என்று முதலில் ஒருவர் நடந்து பார்க்கட்டும். ஐஐடி மெட்ராஸில் உருவான நியோபோல்ட் மாதிரி, நாற்காலியின் முன்னால் மாட்டும் மோட்டார் இணைப்பு தார்ச்சாலைக்கு அருமை. ஆனால் இளகிய ஏற்றத்தில் எடை பின்னால் போய்விடும், முன்சக்கரம் வெறுமனே சுற்றும்.

எதில் போனாலும் சீமைக் கருவேல முள் காத்திருக்கும். கெட்டி டயர் பஞ்சராகாது, ஆனால் ஒவ்வொரு அதிர்வும் முதுகுத்தண்டுக்கு ஏறும். எங்கள் ஓட்டு காற்று டயருக்கே. மாற்று டியூபும் கைப்பம்பும் கூடவே வேண்டும். மண்ணுக்காகக் காற்றைக் குறைத்தால் பிரேக் கட்டை டயரை அழுத்திப் பிடிக்காது. சரிவில் நிறுத்தும்முன் பிரேக்கைத் தள்ளிப் பாருங்கள்.

கழுத்து, மேல்முதுகுத் தண்டுவடக் காயம் உள்ளவர்களுக்குக் காரையே முதலில் சொல்வோம். அவர்களுக்குக் காயத்துக்குக் கீழே சரியாக வியர்க்காது, உடல் சூடு சீக்கிரம் ஏறும். சாலையோரத்திலிருந்து கண்மாய் தெரியும் இடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஜன்னலில் மணல்பை வைத்து அதன்மேல் 8x42 பைனாகுலரைச் சாய்த்தால் கை வலிக்காது. உள்ளே ஆள் அசைவு தெரியாததால் பறவையும் அவ்வளவாகக் கலையாது. வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள். தண்ணீர் தெளிக்கும் பாட்டில் மடியில் இருக்கட்டும்.